ஒப்புக்குச் சப்பாணி

அட்லாண்டாவுக்கு வந்த புதிதில் அமெரிக்கக் கால்பந்து எனக்கு வெறும் தள்ளுமுள்ளாகத்தான் தெரிந்தது. பெயர் கால்பந்து, காலால் பந்தைத் தொடுவதோ அபூர்வம். எதிர்வீட்டுப் பெரியவர்தான் ஒரு சனிக்கிழமை மேசைமேல் வேர்க்கடலையை வரிசையாக அடுக்கிப் பாடம் எடுத்தார். முன்னால் ஐந்து தடியர்கள். அவர்களுக்குப் பின்னால் ஒற்றைக் கடலை, அதுதான் குவார்ட்டர்பேக். நடுத்தடியரின் கால்களுக்கிடையே பந்து பின்னால் வரும். ஓடுகிறவரிடம் கொடுப்பதா, தூரத்திலிருக்கும் கூட்டாளிக்கு எறிவதா, தானே ஓடுவதா? யோசிக்க மூன்று வினாடி இருந்தால் அதிகம். அதற்குள் எதிரணி மேலே விழுந்துவிடும்.

பெரியவரின் செல்லப்பிள்ளை ஸ்டெட்சன் பென்னட். உயரம் ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. குவார்ட்டர்பேக் வேலைக்கு அது குள்ளம். 2017இல் ஜார்ஜியா பல்கலைக்கழக அணியில் 'வாக்-ஆன்' ஆகச் சேர்ந்தார். அதாவது உதவித்தொகை கிடையாது, களத்தில் இறக்குவோம் என்ற உறுதியும் கிடையாது. சிறுவயதில் நாம் ஒப்புக்குச் சப்பாணி என்போமே, அதேதான். அந்த ஆண்டு அவருக்குக் கிடைத்தது நடிகர் வேலை. ரோஸ் பவுல் ஆட்டத்தில் ஓக்லஹோமாவின் குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்டைச் சமாளிக்க வேண்டியிருந்தது. பயிற்சியில் மேஃபீல்டைப் போலவே ஓடி, நழுவி, எறிந்து, சொந்த அணிக்காரர்களைப் பழக்கியவர் பென்னட். ஆட்டத்தை ஜார்ஜியா 54-48 என்று வென்றது.

மறுவருடம் மிசிசிப்பியில் ஓர் ஈராண்டுக் கல்லூரிக்குப் போய் ஆடினார். 2019இல் உதவித்தொகையோடு திரும்பியும் மாற்று ஆள்தான். 2021இல் முதல் ஆளான ஜே.டி. டேனியல்ஸுக்கு அடிபட, இடம் காலியானது. பென்னட் உள்ளே வந்தார். பிறகு அந்த இடத்தை விடவில்லை.

2022 ஜனவரி 10, திங்கள் இரவு. இண்டியானாபொலிஸில் ஆலபாமாவோடு தேசிய இறுதியாட்டம். கடைசிக் கால்பகுதியில் ஒருவர் கட்டிப்பிடித்து இழுக்க, விழுந்துகொண்டே எறியப் பார்த்தார் பென்னட். பந்து நழுவியது. எறிதல் தவறிவிட்டது என்று எல்லாரும் நின்றுவிட, ஆலபாமாவின் பிரையன் பிராஞ்ச் கோட்டோரமாகச் சும்மா கையில் பிடித்தார். கால் கோட்டுக்குள் இருந்தது. பந்து ஆலபாமாவுக்கு! சற்றுநேரத்தில் 18-13 என்று முந்தினார்கள். பெரியவர் டி.வி.யைப் பார்க்க மாட்டாமல் சமையலறைக்குப் போய்விட்டார்.

அதனால் அடுத்ததை அவர் பார்க்கவில்லை. மறுபடி பந்து கிடைத்தபோது பென்னட் 40 கெஜத் தூரத்துக்குத் தூக்கி எறிந்தார். எதிராளி மேலே ஒட்டிக்கொண்டிருக்க, அடோனாய் மிட்செல் பிடித்துவிட்டார். பிறகு பிராக் பவர்ஸுக்கு இன்னொன்று. கடைசியில் கீலி ரிங்கோ ஆலபாமாவின் பந்தைப் பறித்து 79 கெஜம் ஓடினார். 33-18. 1980ஆம் ஆண்டு அணிக்குப் பிறகு ஜார்ஜியாவுக்கு முதல் தேசியப் பட்டம். களத்தோரம் பென்னட் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

ஜெயித்தது தற்காப்பு வரிசைதான், இவரல்ல என்பவர்கள் உண்டு. பாதி உண்மை. அந்த வரிசையில் ஐந்து பேரைத் தொழில்முறை அணிகள் அந்த வருடமே முதல் சுற்றில் அள்ளிக்கொண்டன. பென்னட்டை எடுத்தது 2023இல், 128ஆவது ஆளாக.

ஆனால் அந்த ஐவரும் போன பிறகுதான் அடுத்த பருவத்தின் இறுதியாட்டத்தில் டி.சி.யூ. பல்கலைக்கழக அணியை 65-7 என்று நொறுக்கித் தொடர்ந்து இரண்டாவது பட்டம் வாங்கினார்கள். பென்னட்டுக்கு அப்போது வயது 25. கடைசிக் கால்பகுதியின் தொடக்கத்தில் பயிற்சியாளர் கிர்பி ஸ்மார்ட் ஆட்டத்தை நிறுத்தச் சொன்னார். வியூகம் பேச அல்ல. பென்னட் வெளியே நடந்துவர, கூட்டம் எழுந்து கைதட்டட்டும் என்று.