குளிர் வந்தால்தான் குட்டிகள்! ஜெல்லி மீன்களை எழுப்பும் கடல் 'அலாரம்'

2013 செப்டம்பர் கடைசியில், ஸ்வீடனின் ஒஸ்கார்ஷாம் அணுமின் நிலையத்தின் 3-வது உலை திடீரென நிறுத்தப்பட்டது. காரணம், ஜெல்லி மீன்கள்! உலையைக் குளிரவைக்கக் கடல்நீரை உறிஞ்சும் பாதையில் டன் கணக்கில் நிலா ஜெல்லி மீன்கள் வந்து அடைத்துக்கொண்டன. நம் கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கும் ஜெல்லி மீன் தொல்லை புதிதல்ல.

இத்தனை ஜெல்லி மீன்கள் எங்கிருந்து ஒரே நேரத்தில் கிளம்புகின்றன? விடை, தண்ணீரின் வெப்பநிலையில் இருக்கிறது.

பாறையில் ஒட்டிய பருவம்

குடைபோல மிதக்கும் ஜெல்லி மீன், அதன் வாழ்க்கையின் ஒரு பாதிதான். அதன் முட்டையிலிருந்து வரும் நுண்ணிய லார்வா சில நாள் நீந்தி, பாறை, சிப்பி, படகுத்துறைத் தூண் என ஏதாவது ஒன்றில் ஒட்டிக்கொள்ளும். அங்கே சில மில்லிமீட்டர் உயரமுள்ள 'பாலிப்' ஆக மாறும். இணையே இல்லாமல், தன் உடலிலிருந்தே மொட்டுவிட்டுப் புதிய பாலிப்புகளை உருவாக்கும். இப்படியே வருடக்கணக்கிலும் காத்திருக்கும்.

தண்ணீர் குளிர்ந்ததும் காட்சி மாறும். பாலிப்பின் உடலில் குறுக்குக் கோடுகள் விழுந்து, அடுக்கிவைத்த இட்லித் தட்டுகள் போல ஆகும். பிறகு ஒவ்வொரு தட்டும் கழன்று, ஒரு குட்டி ஜெல்லி மீனாக நீந்திப் போகும்!

2 நாள் குளிருக்கு ஏமாறாது

குளிர்காலம் வந்துவிட்டதென்று மூளையே இல்லாத உயிருக்கு எப்படித் தெரியும்? ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் இதற்கு விடை சொன்னார்கள். குளிர் நீடிக்க நீடிக்க, நிலா ஜெல்லி மீனின் பாலிப்பில் ஒரு குறிப்பிட்ட புரதத்துக்கான மரபணுவின் செயல்பாடு கூடிக்கொண்டே போகும். அது ஓர் அளவைத் தொட்டதும் 'அலாரம்' அடிக்கும். இதற்குச் சில வாரக் குளிர் தேவை. நடுவில் ஓரிரு நாள் தண்ணீர் சில்லிட்டால் பாலிப் ஏமாறாது.

கடல் சூடானால் என்ன ஆகும்?

எல்லா இனத்துக்கும் ஒரே விதி கிடையாது. வடகடலின் சிங்கப்பிடரி ஜெல்லி மீனுக்குக் குளிர்காலம் கட்டாயம். குளிர் குறைந்தால் அதன் குட்டிகளும் குறையும். ஸ்பெயினின் மார் மேனோர் காயலில் வாழும் 'பொரித்த முட்டை' ஜெல்லி மீனுக்கோ நேர்மாறு. வசந்தத்தில் தண்ணீர் சூடேறும்போதுதான் அதன் பாலிப் குட்டிகளை விடும். கடுங்குளிரில் அந்தப் பாலிப்புகள் மடியும். குளிர்காலம் மிதமாக இருந்தால் அதிகம் பிழைத்து, அந்தக் கோடையில் கூட்டம் பெருகும்.

எனவே, 'கடல் சூடானால் ஜெல்லி மீன் பெருகும்' என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. சில இனங்கள் ஒதுங்கும், சில இனங்கள் அந்த இடத்தைப் பிடிக்கும். இரையும் நீரோட்டமும்கூட இதில் பங்கு வகிக்கின்றன.

மீனவரின் வலை கிழிவதும், கடலில் குளிப்பவருக்குத் தோல் எரிவதும், மின் நிலையம் நிற்பதும் கோடையில் தெரியும் விளைவுகள். அதற்கான கணக்கு, பல மாதங்களுக்கு முன்பே படகுத்துறைக்கு அடியில் தொடங்கிவிடுகிறது!