மவுஸுக்குப் பணம் கொடுத்தது யார்?

என் ஊர் மங்களூர். கர்நாடகத்தில் இருப்பது அல்ல. பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலம் பக்கத்தில் இருப்பது. அக்கா மகனுக்குப் பல்கலைக்கழகம் ஒன்றில், ராணுவ நிதியில் நடக்கும் ஆய்வில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது. "துப்பாக்கி செய்யறதுக்கா இவனைப் படிக்க வெச்சேன்?" என்றார் அக்கா. நான் மேஜையில் இருந்த மவுஸைக் காட்டினேன்.

நீங்கள் தினமும் பிடிக்கும் மவுஸ், 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் குழு உருவாக்கியது. அந்தக் குழுவுக்குப் பணம் தந்தவர்களில் நாசாவும், ராணுவத் துறையின் ஆர்ப்பா அமைப்பும் உண்டு. இன்டர்நெட்டின் தாயான ஆர்ப்பாநெட்டும் ஆர்ப்பா பணத்தில் பிறந்ததுதான். 1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகத்திலிருந்து 'லாகின்' என்று அனுப்ப முயன்றார்கள். இரண்டு எழுத்து போனதும் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது!

நம் பக்கமும் உண்டு. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் டி.ஆர்.டி.ஓ. நிதியில் அமைந்தது உயிர் அறிவியல் மையம். துப்பாக்கி அல்ல.

ஆனால் பை திறந்தே இருக்காது. ராணுவத்துக்கு நேரடித் தொடர்பில்லாத ஆய்வுக்கு அதன் பணம் கூடாது என்று 1969லேயே அமெரிக்காவில் சட்டம் போட்டார்கள். ஆகவே பையனிடம் இரண்டு விஷயம் கேட்டு வரச் சொன்னேன்: முடிவுகளை வெளியிட அனுமதி உண்டா? வாங்கும் கருவிகள் திட்டம் முடிந்தபின் யாருக்கு?

"சம்பளம் எப்ப வரும்னும் கேளு" என்றார் அக்கா.