முப்பது ஆண்டுகளுக்கு முன் குடித்த தண்ணீர்

அமெரிக்காவின் வட கரோலினா கடற்கரையில் இருக்கிறது லெஜூன் முகாம். மரைன் படை வீரர்களும் அவர்களது குடும்பங்களும் வாழும் இடம். 1953 முதல் 1987 வரை இந்த முகாமின் குடிநீரில் ட்ரைகுளோரோஎத்திலீன் கலந்திருந்தது. இயந்திரப் பாகங்களில் படியும் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் கரைப்பான் இது. மண்ணில் கசிந்து, நிலத்தடி நீரில் இறங்கி, கிணறுகளை எட்டிவிட்டது. முகாமின் ஒரு பகுதியில் அதன் அளவு அனுமதிக்கப்பட்ட வரம்பைப் போல 70 மடங்கைத் தாண்டியிருந்தது.

அங்கே தங்கிய இளம் வீரர்களுக்குப் பின்னாளில் என்ன ஆனது? நரம்பியல் ஆய்வாளர் சாமுவேல் கோல்ட்மன் குழுவினர் இதற்கு ஓர் எளிய வழி கண்டார்கள். கலிபோர்னியாவில் பென்டில்டன் என்று இன்னொரு மரைன் முகாம் உண்டு. அதே வயது வீரர்கள், அதே பயிற்சி. தண்ணீர் மட்டும் மாசுபடாதது. 1975 முதல் 1985 வரை இரு முகாம்களிலும் தங்கியவர்களின் மருத்துவப் பதிவுகளை ஒப்பிட்டார்கள். லெஜூனில் இருந்தவர்களில் 0.33 சதவீதம் பேருக்குப் பார்கின்சன் நோய், பென்டில்டனில் 0.21 சதவீதம். வயது முதலியவற்றைக் கணக்கில் எடுத்தபின் லெஜூன் வீரர்களுக்கு அபாயம் 70 சதவீதம் அதிகம். 2023இல் வெளியான முடிவு இது.

இருபது வயதில் குடித்த தண்ணீரின் விளைவு நடுவயதில் கை நடுக்கமாக வெளிப்படுவதுதான் இந்த நோயின் கொடுமை. நடுக்கம் தெரியும்போது, மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்களில் பெரும்பங்கு அழிந்திருக்கும். முகாமை நோயாளி மறந்திருப்பார். கிணறும் மூடப்பட்டிருக்கும்.

ஒரு வேதிப்பொருளால் இந்த நோயை உண்டாக்க முடியும் என்பது 1982இல் தெரியவந்தது. கலிபோர்னியாவில் போதைப்பழக்கம் உள்ள சில இளைஞர்கள் திடீரென உறைந்துபோன நிலையில் மருத்துவமனைக்கு வந்தார்கள். அசைய முடியவில்லை, பேச முடியவில்லை; முற்றிய பார்கின்சன் நோயாளிகளைப் போலவே இருந்தார்கள். அவர்கள் ஊசியில் ஏற்றிக்கொண்ட செயற்கை ஹெராயினில் எம்பிடிபி என்ற கலப்படம் இருந்ததை மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன் குழுவினர் கண்டறிந்தார்கள். அது மூளைக்குள் வேறொரு நச்சாக மாறி, டோபமைன் அணுக்களுக்குள் புகுந்து, அவற்றுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவை முடக்கிவிடுகிறது. அந்த நச்சின் வேதி அமைப்பு, வயல்களில் தெளிக்கும் பாராகுவாட் களைக்கொல்லியை ஒத்திருந்தது. ஆய்வாளர்களின் பார்வை விவசாயத்தின் பக்கம் திரும்பியது.

அங்கே ஒரு சிக்கல் காத்திருந்தது. நோய் வந்தவர், தனக்கு ஏன் வந்தது என்று பழையதையெல்லாம் துருவித் துருவி யோசித்திருப்பார். நோயில்லாதவருக்கு அந்தத் தேவை இல்லை. அதனால் “எந்த மருந்து அடித்தீர்கள்?” என்று இருவரையும் கேட்டால், நோயாளியின் பட்டியல் நீளமாகத்தான் வரும். நினைவை மட்டும் நம்பி நச்சை எடைபோட முடியாது.

கலிபோர்னியா மாநிலத்தின் பதிவேடுகள் கைகொடுத்தன. எந்த வயலில், எந்த நாளில், எந்தப் பூச்சிமருந்து, எவ்வளவு என்று அங்கே அரசுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கை நோயாளிகளின் வீட்டு முகவரிகளோடு பொருத்திப் பார்த்தார்கள். வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள் பாராகுவாட்டும் மானெப் என்ற பூஞ்சைக்கொல்லியும் தெளிக்கப்பட்ட இடங்களில் வாழ்ந்தவர்களுக்கு அபாயம் 75 சதவீதம் கூடியிருந்தது. 2009இல் வெளிவந்த ஆய்வு இது. அயோவா, வட கரோலினா மாநிலங்களில் பூச்சிமருந்து தெளிப்பவர்களிடம் நடந்த இன்னொரு ஆய்வில், பாராகுவாட் அல்லது ரோட்டனோன் என்ற பூச்சிக்கொல்லியைப் பயன்படுத்தியவர்களிடையே நோய் சுமார் இரண்டரை மடங்கு காணப்பட்டது. அதே தொழிலாளர்களிடம் தெரிந்த இன்னொரு செய்தி நம்பிக்கை தருகிறது: கையுறை அணிந்து வேலை செய்தவர்களிடம் பாராகுவாட்டுக்கும் நோய்க்குமான அந்தத் தொடர்பு தென்படவில்லை.

இந்த எண்கள் கூட்டத்தைப் பற்றியவை. “உனக்கு இதனால்தான் வந்தது” என்று தனி ஒருவரிடம் எந்த ஆய்வும் சொல்லாது. மருந்து அடித்தவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதே இல்லை; மரபணுவுக்கும் முதுமைக்கும் இதில் பங்குண்டு. ஆனால் மரபணுவையும் வயதையும் நம்மால் மாற்ற இயலாது. தண்ணீரையும் தெளிப்பானில் ஊற்றும் மருந்தையும் மாற்றலாம். பிரான்ஸ் 2012இல், பூச்சிமருந்துகளோடு பணியாற்றிய விவசாயத் தொழிலாளர்களின் பார்கின்சனைத் தொழில்சார் நோயாக ஏற்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பாராகுவாட்டுக்கு 2007 முதல் அனுமதி இல்லை.

நம் வயல்களில் முதுகில் டேங்கைச் சுமந்து மருந்து அடிப்பவர் பெரும்பாலும் கூலித்தொழிலாளி. கையுறை அவருக்கு எட்டாப் பொருள். இன்று ஒருவர் வயல், நாளை இன்னொருவர் வயல். எங்கே என்ன அடித்தார் என்பதை எழுதி வைப்பவர் அரிது. முப்பது ஆண்டு கழித்து அவர் கை நடுங்கினால், அதைத் தலையெழுத்து என்று சொல்லி ஊர் கடந்துபோய்விடும். அப்படி ஆகாதிருக்க, மருந்து வாங்கும்போதே ஒரு ஜோடி கையுறை அவருக்குக் கிடைக்க வேண்டும். தெளித்த நாளும் மருந்தின் பெயரும் அளவும் ஒரு குறிப்பேட்டில் ஏற வேண்டும். நரம்பியல் மருத்துவர் நோயாளியிடம் வயதைக் கேட்கும்போதே வாழ்நாள் முழுக்கச் செய்த வேலைகளையும் கேட்டுப் பதிய வேண்டும். உழைப்பவரின் உடம்பில் நடந்ததற்கு ஆதாரம் வேண்டுமானால், அதை இன்றே எழுதத் தொடங்குவதுதான் வழி.