"புது வரி இல்லை" என்றார்!

வரி என்றால் யாருக்கும் கசப்புதான். அமெரிக்காவில் அது ஜனாதிபதியின் நாற்காலியையே ஆட்டியது!

1984-ம் ஆண்டுத் தேர்தலில் ரீகனை எதிர்த்து நின்றவர் மாண்டேல். வரியை உயர்த்தப் போவதாக ஒளிக்காமல் சொன்னார். விளைவு? 50 மாநிலங்களில் ஒன்றே ஒன்றுதான் அவருக்குக் கிடைத்தது.

1988-ல் மூத்த புஷ், புது வரியே கிடையாது என்று வாக்குக் கொடுத்தார். ஜெயித்தார். ஆனால் அரசாங்கத்துக்கு வரவைவிடச் செலவு அதிகம். 1990-ல் வரி உயர்ந்தது.

மூன்று பேர்; மூன்று வழி

1992-ல் மறுபடியும் தேர்தல். நாட்டில் வேலையில்லாத் திண்டாட்டம். மக்கள் மூன்றாகப் பிரிந்தார்கள்.

பணக்காரர்கள் கூடுதல் வரி கட்டட்டும் என்றவர்கள் கிளிண்டன் பக்கம் போனார்கள். வரி குறைந்தால் தொழில் பெருகும் என்று நம்பியவர்கள் புஷ் பக்கம் நின்றார்கள். நாட்டின் கடனை எண்ணிக் கவலைப்பட்டவர்கள் தொழிலதிபர் பெரோவை நாடினார்கள். அவர் பெட்ரோல் வரியை உயர்த்தவேண்டும் என்றவர்! அப்படியும் 100-க்கு 19 பேர் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள்.

43 பேர் ஆதரித்த கிளிண்டன் ஜெயித்தார். புஷ்ஷுக்குக் கிடைத்தது 37.

வேலையில்லாமல் வாடியவர்கள் கோபம் ஒரு புறம். வாக்கு மாறினாரே என்ற கோபம் மறு புறம்.

வரி கசக்கும். சொன்ன சொல் தவறினால், அது இன்னும் கசக்கும்!