ஒரு கட்டிடத்தில் தீ! நாடே திணறியது!

2022-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி, சனிக்கிழமை பிற்பகல்.

தென் கொரியாவில் கணவன் அனுப்பிய சேதி மனைவிக்குப் போய்ச் சேரவில்லை. டாக்சி டிரைவர்கள் பலருக்குச் சவாரி வரவில்லை. செல்போன் மூலம் பணம் கொடுக்க நினைத்தவர்கள் கடை வாசலில் விழித்தார்கள்.

காரணம், "ககாவோ" என்ற கம்பெனியின் சேவைகள் நின்றுவிட்டன! அந்த நாட்டில் 5 கோடிக்குச் சற்று அதிகமான மக்கள். பெரும்பாலோர் சேதி அனுப்புவது "ககாவோ டாக்" மூலம்தான்.

நடந்தது என்ன?

தலைநகர் சியோலுக்குத் தெற்கே பாங்யோ என்ற இடம். அங்கே ஒரு கட்டிடத்தில் ககாவோவின் சர்வர்கள் சுமார் 32 ஆயிரம் இருந்தன.

ஓட்டலில் கேட்ட பலகாரத்தைக் கொண்டு வந்து கொடுப்பவர் சர்வர் அல்லவா? அதுபோல, நாம் கேட்கும் தகவலைக் கொடுக்கும் கம்ப்யூட்டருக்கும் சர்வர் என்றே பெயர்.

மின்சாரம் நின்றால் உதவுவதற்காக, கட்டிடத்தின் அடித்தளத்தில் பாட்டரிகளை வைத்திருந்தார்கள். அந்த பாட்டரியிலேயே தீப்பிடித்தது! தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்பதால் மின்சாரம் முழுவதையும் நிறுத்தினார்கள். சர்வர்கள் அணைந்தன.

சாவி எங்கே?

இதே கட்டிடத்தில் "நேவர்" என்ற இன்னொரு பெரிய கம்பெனிக்கும் சர்வர்கள் இருந்தன. அதன் சேவைகளில் சில தடைப்பட்டாலும், விரைவில் சீராயின. சுன்சியான் என்ற வேறு ஊரில் அதற்குச் சொந்த நிலையம் இருந்தது. இங்கே நின்ற வேலையை அங்கே தொடர முடிந்தது.

ககாவோவும் தகவல்களுக்கு வேறு இடத்தில் நகல் வைத்திருந்தது. ஆகவே தகவல்கள் பிழைத்தன. ஆனால், வேலையை மாற்று சர்வர்களுக்குத் திருப்பிவிடும் கருவிகள் பாங்யோவில்தான் இருந்தன! மாற்றுச் சாவியைச் செய்து, அதையும் பூட்டிய வீட்டுக்குள்ளேயே வைத்த கதைதான்.

எல்லாம் சீராக 127 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஐந்து நாட்களுக்கும் அதிகம்!

பதவி போயிற்று

கம்பெனியின் தலைமை நிர்வாகிகள் இருவரில் ஒருவர் பதவி விலகினார். கம்பெனியைத் தொடங்கியவர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

பிறகு, ஆன்சான் நகரில் ககாவோ தன் சொந்த நிலையத்தை அமைத்தது. 2024-ல் அது இயங்கத் தொடங்கியது.

மாற்று இருந்தால் மட்டும் போதாது. ஆபத்து வேளையில் அது கைக்கு எட்டவும் வேண்டும்.