நெத்திலி சம்பாலும் எஃப் கார்டும்

பத்து வயதுப் பிள்ளை அடுப்படிக்கு வந்து, "அம்மா, நெத்திலி சம்பால் செய்யக் கத்துக்கொடுங்க" என்று கேட்கிறது. மூன்று மாதம் வெங்காயம் மட்டும் உரி, சம்பாலை அப்புறம் பார்க்கலாம் என்று எந்த அம்மாவும் சொல்வதில்லை. எல்லாவற்றையும் தானே செய்து முடித்துவிட்டுக் கரண்டியை மட்டும் பிள்ளை கையில் கொடுத்தால் அதுவும் கற்றுக்கொடுத்ததாகாது. அன்றைக்கே சம்பால்தான். ஆனால் வெங்காயத்தைப் பிள்ளை நறுக்கும், மிளகாய் விழுதைப் பிள்ளை கிளறும், உப்பையும் அதுவே பார்க்கும்.

கித்தார் வகுப்பும் இப்படித்தான் நடக்க வேண்டும். கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா (தோட்டத்துப் பெரியவர்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) பக்கமிருந்து வரும் பிள்ளைகள் கித்தாரோடு ஒரு பாட்டையும் கொண்டு வருகிறார்கள். ஒருவனுக்கு இளையராஜாவின் 'என் இனிய பொன் நிலாவே'. இடைநிலைப் பள்ளியில் மலாய் நண்பர்களோடு பழகியவனுக்கு, செர்ச் குழு 1989-இல் பாடிய 'இசபெல்லா'. ஒரு பெண்ணுக்கு ஞாயிறு ஆராதனையில் பாடும் ஒரு கீர்த்தனை. "மாஸ்டர், எனக்கு இந்த ஒரு பாட்டு போதும்" என்பார்கள். சரி என்று சொல்லிவிடுவேன். அந்தப் பாட்டுக்குள் என்ன சாமான் கிடக்கிறது என்று பார்ப்பது என் வேலை.

பொன் நிலாவையே எடுத்துக்கொள்வோம். அது நடபைரவி. மேற்கத்திய இசையில் இதையே இயல்பான மைனர் என்பார்கள். நடபைரவியை ஏ மைனரில் வைத்தால் அந்தக் குடும்பத்தில் ஏ மைனர், சி, டி மைனர், ஈ மைனர், எஃப், ஜி என்று கார்டுகள் வரிசையாக வந்து நிற்கும். இவற்றில் எஃப்தான் பிள்ளைகளை அழவைப்பது. ஆட்காட்டி விரலால் ஆறு கம்பிகளையும் முதல் ஃபிரெட்டில் அழுத்த வேண்டும். தண்டின் தலைப்பக்கத்தில் கம்பி விறைப்பாக இருக்கும், விரல் வலிக்கும், சத்தம் செத்துப்போய் வரும். பலர் கித்தாரை மூலையில் சாத்திவிடுவது இந்த இடத்தில்தான்.

அதனால் நான் எஃப்பை எஃப் இருக்கும் இடத்தில் ஆரம்பிப்பதில்லை. அதே விரல் வடிவத்தை ஐந்தாம் ஃபிரெட்டில் பிடிக்கச் சொல்வேன். அங்கே அது ஏ மேஜர் கார்டு, கம்பியும் இளகிக் கொடுக்கும். வாரம் ஒரு ஃபிரெட்டாகக் கீழே இறங்குவோம். பாட்டு நின்றுவிடாதபடி அதுவரைக்கும் நான்கு கம்பியில் சின்ன எஃப். பெரிய மீன் கிடைக்காத நாளில் சின்ன மீனைப் போட்டுக் குழம்பு கூட்டுகிறோமே, அதுபோலத்தான்.

அடுத்தது தீ. மிளகாய் விழுதை எண்ணெய் பிரியும்வரை சிறு தீயில் வதக்காவிட்டால் நெத்திலி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பச்சை வாடை போகாது. கித்தாரில் தீ என்பது வேகம். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வைத்து, ஏ மைனரிலிருந்து எஃப்புக்கு விரல் தடுமாறாமல் போகிறதா என்று பார்ப்பேன். போனால் 66. தடுமாறினால் மறுபடி 60. பிள்ளைகளுக்கு இது பிடிக்காது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

தாளத்தில் பெரும்பாலும் எனக்கு வேலையே இருப்பதில்லை. மாரியம்மன் கோயில் திருவிழாவில் உருமி மேளத்துக்கு ஆடி வளர்ந்த பிள்ளைக்கு ஆறு எட்டு என்று எழுதிக் காட்டுவது வீண் வேலை. தொடையில் தகிட தகிட தட்டச் சொன்னால் போதும், வலக்கை தானாகக் கம்பிக்குப் போய்விடும்.

உப்பு, சுருதி. செல்பேசியில் டியூனர் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஆறாவது கம்பியை ஐந்தாம் ஃபிரெட்டில் அழுத்தினால் வரும் ஒலியும் ஐந்தாவது கம்பியின் திறந்த ஒலியும் ஒன்றா என்று காது சொல்ல வேண்டும். இப்படியே ஒவ்வொன்றாகக் கீழே வரலாம். மூன்றாவது கம்பிக்கு மட்டும் நான்காம் ஃபிரெட். ஒவ்வொரு வகுப்பும் இதில்தான் தொடங்கும், பாட்டு எதுவானாலும்.

பாட்டிலிருந்து தொடங்கினால் இலக்கணம் கெட்டுப்போகும் என்று அஞ்சும் ஆசிரியர்களுக்கு இளையராஜாவையே காட்டுவேன். பண்ணைப்புரத்திலிருந்து புறப்பட்டு, அண்ணன் பாவலர் வரதராஜன் குழுவோடு ஊர் ஊராகக் கூட்டத்துக்கு வாசித்தவர் அவர். 1968-இல் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படிக்க உட்கார்ந்தபோது கையில் ஏற்கெனவே நூற்றுக்கணக்கான பாட்டு இருந்திருக்கும். படித்த பாடம் போய் ஒட்டிக்கொள்ள ஓர் இடம் இருந்தது. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கித்தார் படிப்பில் தங்கப் பதக்கமும் வாங்கினார். பொன் நிலா வந்த 'மூடுபனி' 1980-இல் வெளியானது. அது அவருக்கு நூறாவது படம்.

பெற்றோருக்கும் ஓர் ஆசை இருக்கும்: கிரேடு சான்றிதழ். தேர்வை நான் எதிர்ப்பவன் அல்ல. இசையைப் பிழைப்பாக நினைக்கும் பிள்ளை ஐந்துகோட்டு எழுத்தைப் படிக்கத் தெரிந்தே ஆக வேண்டும். ஆனால் தேர்வுக்கான மூன்று உருப்படியை ஆண்டு முழுக்க அரைத்துவிட்டு, பாட்டி பாடும் ஒரு பாட்டுக்கு உடன் வாசிக்க முடியாமல் ஒரு பிள்ளை நிற்கும்போது என் மனம் வலிக்கிறது.

வீட்டுப் பயிற்சிக்குத் தோசை மாவுக் கணக்கு. நம் ஊர் வெக்கையில் ஒரே ராத்திரியில் மாவு பொங்கிவிடும், ஆனால் அந்த ராத்திரி வேண்டும். தினம் பதினைந்து நிமிடம் வாசித்துவிட்டுத் தூங்குகிறவனின் கை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் உட்காருகிறவனின் கையைவிட நன்றாகப் பேசும்.

பாட்டு முடிந்ததா என்று பார்க்க ஒரு சோதனை வைத்திருக்கிறேன். சம்பால் கற்ற பிள்ளையை அத்தை வீட்டு அடுப்பில், அத்தை வீட்டுச் சட்டியில் செய்யச் சொல்வதுதான் அது. "தங்கச்சிக்கு இந்தக் கட்டை எட்டலையாம், ஈ மைனர்ல வாசி தம்பி" என்பேன். ஏ மைனர், எஃப், சி, ஜி என்று போனவன் ஈ மைனர், சி, ஜி, டி என்று தாளைப் பார்க்காமல் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் விழிப்பான். விரலில் எண்ணுவான். அடுத்த வாரம் கண்டுபிடித்துக்கொண்டு வருவான், கையில் அடுத்த பாட்டையும் வைத்துக்கொண்டு.