பட்டறைக் கூலியைத் தின்னும் சுங்கம்

வாடகைக் கார் ஓட்டும் தோழர்களும், அந்தக் கார்களைப் பழுது பார்க்கும் தோழர்களும் ஒருவரையொருவர் குறை கூறிக்கொள்வதை ஊருக்கு ஊர் கேட்கிறோம். 'பட்டறைக்காரன் கொள்ளையடிக்கிறான்' என்கிறார் ஓட்டுநர். 'பேரம் பேசியே என் கூலியைப் பறிக்கிறார்' என்கிறார் மெக்கானிக். இருவரும் உழைப்பாளிகள், இருவர் சட்டையிலும் எண்ணெய்க் கறை! இந்தச் சண்டையை மூட்டிவிட்டு, எங்கோ தொலைவில் நின்று வேடிக்கை பார்க்கும் மூன்றாவது ஆசாமி ஒருவர் உண்டு. அவர் பட்டறைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. பட்டறைச் சீட்டிலும் அவர் பெயர் இராது. சுங்க வரி என்பது அவர் திருநாமம்.

2018 பிப்ரவரி 1ஆம் நாள் டில்லி சர்க்கார் வரவு செலவுத் திட்டம் படித்தது. மோட்டார் வாகனங்களின் உதிரி பாகங்கள் பலவற்றுக்கு அதுவரை நூற்றுக்கு ஏழரை, அல்லது பத்து என்றிருந்த இறக்குமதிச் சுங்கம் அன்று ஒரே மூச்சில் 15 ஆயிற்று. அதே நாளில் 'சமூக நல மேல்வரி' என்ற புதுப் பெயருடன் இன்னொன்றும் பிறந்தது. சுங்கத்தின் மேல் நூற்றுக்குப் பத்து. வரிக்கு வரி! முன்பிருந்த கல்வித் தீர்வைகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இதை உட்கார வைத்தார்கள்.

இது பட்டறைக்கு எப்படி வந்து சேருகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கென்றால் கசக்கும், ஆனாலும் நம் பையிலிருந்து போகும் காசின் கணக்கல்லவா, சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

கியர் பெட்டிக்குள் பொருத்தும் ஒரு பாகம், 10,000 ரூபாய் மதிப்புள்ளது, துறைமுகத்தில் வந்து இறங்குகிறது. சுங்கம் 1,500. மேல்வரி 150. ஆக 11,650. இதன் மேல் ஜி.எஸ்.டி. உண்டு. அது இடையில் கை மாறும்போது கணக்கில் கழிந்து, கடைசி விலையின் மேல் மொத்தமாக வந்து நிற்கும். சுங்கமோ கழியாது, பொருளோடு ஒட்டிக்கொண்டே வரும். இறக்குமதி செய்தவர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் என்று மூன்று கை. ஒவ்வொருவரும் தாம் போட்ட முதலின் மேல் நூற்றுக்கு 20 இலாபம் வைப்பதாகக் கொள்வோம். அவர்கள் போட்ட முதலில் சுங்கமும் சேர்ந்திருக்கிறது. ஆகவே சுங்கத்தின் மேலும் இலாபம், அந்த இலாபத்தின் மேலும் இலாபம்! கடைசியில் நூற்றுக்கு 18 ஜி.எஸ்.டி. போட்டுப் பாருங்கள். துறைமுகத்தில் 1,650 ரூபாயாக இருந்த வரி, ஜி.பி. ரோட்டுக் கடையில் பாகத்தை வாங்கும்போது 3,364 ரூபாயாக வளர்ந்து நிற்கிறது. சர்க்கார் போட்டது ஒரு வரி. சந்தையில் அது குட்டி போட்டது இன்னொன்று.

2025 செப்டம்பர் 22 முதல் உதிரி பாகங்களின் ஜி.எஸ்.டி. 28லிருந்து 18க்கு இறக்கப்பட்டது. நல்லதுதான், வரவேற்கிறோம். ஆனால் குறைந்தது கண்ணுக்குத் தெரியும் வரி. கண்ணுக்குத் தெரியாத வரியைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை.

தொடாமலே அது வளரவும் செய்கிறது, அதுதான் விந்தை! சுங்கம் மதிப்பின் மேல் போடுவது. மதிப்போ டாலரில் வருவது. 2018 தொடக்கத்தில் ஒரு டாலருக்குச் சுமார் 64 ரூபாய். 2025 டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியது. நூறு டாலர் பாகத்துக்கு அன்று சுங்கம் 960 ரூபாய். 90 ரூபாய்க் கணக்கில் 1,350. எந்த மந்திரியும் எழுந்து நின்று அறிவிக்கவில்லை; எந்த மன்றத்திலும் கை தூக்கி வாக்கெடுக்கவில்லை. ரூபாய் சரிந்தது, வரி ஏறியது.

சரி, ஏறியது யார் தலையில் விடிகிறது? பாகத்தின் பெட்டியில் விலை அச்சடித்திருக்கிறது, அதில் பேரமில்லை. மெக்கானிக்கின் கூலிக்கு அச்சடித்த விலை கிடையாது. ஆகவே வண்டிக்காரர் பேரம் பேசுவது அந்தக் கூலியில்தான்! கீழே படுத்து, கியர் பெட்டியை இறக்கி, ஒரு நாள் முழுதும் முதுகொடியப் பாடுபட்டவரைப் பார்த்து, 'பாகமே இவ்வளவு ஆகிவிட்டது, கூலியைக் கொஞ்சம் பார்த்துப் போடப்பா' என்கிறார். அவரும் வாடிக்கை போய்விடக் கூடாதே என்று குறைத்துக்கொள்கிறார். அவர் குறைத்துக்கொண்டால் பட்டறைப் பையனுக்குக் கிடைப்பதும் குறைகிறது. வெளிநாட்டுச் சரக்குக்குப் போட்ட வரியை உள்நாட்டுத் தொழிலாளி கட்டி முடிக்கிறார்.

குறைக்க முடியாதபோது என்ன நடக்கிறது என்பதும் நாடறிந்ததே. வேலை தள்ளிப் போகிறது. பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு உரசும் வரை வண்டி ஓடுகிறது. அல்லது, கம்பெனிப் பெயரைத் திருடி ஒட்டிய 'டூப்ளிகேட்' வாங்கி மாட்டப்படுகிறது. புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றிய பாகமாவது ஒரு காலத்தில் ஒழுங்காக ஓடிய பாகம். அந்தக் கடைகள் இல்லாவிட்டால் ஏழை வண்டிக்காரர் பாடு திண்டாட்டம்தான். போலி பிரேக்குக்கு அந்தத் தகுதியும் கிடையாது.

'அப்படியானால் சுங்கமே வேண்டாம் என்கிறீர்களா?' என்று பாடித் தோழர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. சொல்வது நன்றி மறந்த பேச்சாகும்.

1953இல் வரிக் கமிஷன் மோட்டார்த் தொழிலைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாகப் பாகங்களைக் கொண்டுவந்து, இங்கே முடுக்கி வண்டியாக்கி விற்பவர்கள் போதும்; படிப்படியாக இங்கேயே செய்யும் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கட்டும், மற்றவர்கள் மூன்றாண்டுக்குள் கடையைக் கட்டட்டும் என்று அதன்படி முடிவாயிற்று. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் அன்று மூட்டை கட்டின. அந்தச் சுவரின் நிழலில்தான் நம் தொழில் தழைத்தது. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் முன்பே இருந்தது. பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் பாஸ்ட்னர்ஸ் என்று அறுபதுகளில் வரிசையாக எழுந்தன. சக்கரம் என்றும், ஸ்டார்ட்டர் என்றும், திருகாணி என்றும் ஒவ்வொன்றாக இந்த மண்ணில் செய்யக் கற்றோம். பல்லாயிரம் குடும்பங்களில் அடுப்பெரிந்தது. இன்று அமெரிக்காவுக்கே உதிரி பாகம் அனுப்புகிறோம். அந்த நாடு 2025 மே 3 முதல் கார் பாகங்கள் பலவற்றுக்கு நூற்றுக்கு 25 சுங்கம் போட்டபோது, இங்குள்ள ஆலைகள் கலங்கின. சுங்கம் என்ன செய்யும் என்பதை இரு கரையிலும் நின்று பார்த்தவர்கள் நாம்.

ஆனால் அன்றைய சுவருக்கு ஒரு வாசல் இருந்தது. 'செய்து காட்டு, இருந்துகொள்' என்ற நிபந்தனை. 2018இல் ஏற்றிய சுங்கத்தில் அந்த நிபந்தனை எங்கே? எந்தப் பாகம் எத்தனை ஆண்டில் இங்கே செய்யப்படும், அதுவரை சுங்கம் எவ்வளவு, செய்யத் தொடங்கியபின் எவ்வளவு என்று ஓர் அட்டவணை உண்டா? பிரேக் கட்டைக்கும் 15. இங்கே எவரும் செய்யாத தானியங்கி கியர் பெட்டியின் உட்பாகத்துக்கும் 15! முதலாவதற்குப் போட்ட சுங்கம் பாடித் தொழிலாளியைக் காக்கிறது. இரண்டாவதற்குப் போட்டது யாரைக் காக்கிறது? காக்க ஆளில்லாத இடத்தில் வேலி எதற்கு?

பெரிய கம்பெனிகளுக்குச் சந்து பொந்துகள் தெரியும். தென் கொரியாவுடன் 2010லும், ஜப்பானுடன் 2011லும் நடைமுறைக்கு வந்த வாணிப ஒப்பந்தங்களின்படி சில பாகங்களுக்குச் சலுகை உண்டு. சலுகை வேண்டுமானால் சரக்கு எங்கே பிறந்தது என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். 2020 செப்டம்பர் 21 முதல் அந்த விதிகள் இன்னும் இறுகின. கப்பல் கப்பலாக இறக்குபவரிடம் அதற்கென்று கணக்கர் இருப்பார், வக்கீல் இருப்பார். பத்துப் பாகம் தருவிக்கும் சிறு வியாபாரி எங்கே போவார்? 2021 செப்டம்பரில் மோட்டார்த் தொழிலுக்கு 25,938 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் ஒன்றும் வந்தது. ஏற்கெனவே பாகங்கள் செய்துவரும் கம்பெனி அதில் நுழைய வேண்டுமானால், அதன் குழுமத்துக்கு ஆண்டு வருமானம் 500 கோடி இருக்க வேண்டுமாம். பட்டறை எங்கே, 500 கோடி எங்கே!

இன்னொரு பூட்டும் இருக்கிறது. அதற்குச் சாவி டில்லியிடமே உண்டு. 2014 ஆகஸ்ட் 25 அன்று போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. குற்றம் என்ன? உதிரி பாகங்களையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தாராளமாகக் கிடைக்கவிடாமல் அடைத்து வைத்தது. கம்பெனிகள் மேல்முறையீடு, வழக்கு என்று கிளம்பின, ஆண்டுகள் உருண்டன. சுங்கம் விலையை ஏற்றுகிறது. இந்தப் பூட்டு, ஏறிய விலைக்கும் வேறு கடை தேட விடாமல் தடுக்கிறது. சுங்கத்தை மட்டும் குறைத்துப் பூட்டை விட்டுவைத்தால், குறைந்த காசு கம்பெனியின் பெட்டிக்குத்தான் போகும், பட்டறைக்கு வராது. இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

மேல்வரியைப் பற்றி ஒரு சொல். டில்லி வசூலிக்கும் சுங்கத்தில் மாநிலங்களுக்குப் பங்கு உண்டு. பகிரும் தொகையில் நூற்றுக்கு 41. மேல்வரியில் காலணா கிடையாது, முழுவதும் டில்லிக்கே. மேலே போட்ட கணக்கில் வந்த அந்த 150 ரூபாயைச் சென்னைப் பட்டறையில் கொடுக்கிறோம். சென்னைக்கு அதில் ஒரு சாலைப் பள்ளத்தை மூடக்கூடப் பங்கில்லை. பள்ளத்தில் விழுந்துதானே வண்டி பட்டறைக்கே வருகிறது!

ஆகவே ஓட்டுநர் சங்கமும் பட்டறைத் தொழிலாளர் சங்கமும் ஒருவர் மேல் ஒருவர் பாய்வதை நிறுத்திக்கொண்டு ஒரே மேசையில் உட்காரட்டும். இறக்குமதிப் பாகம் மாட்டிய சீட்டுகளைச் சேர்க்கட்டும். பாகத்தின் விலை எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதட்டும். இங்கே செய்யாத பாகங்களின் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கட்டும்; அதில் பாடித் தோழர்களின் ஒப்புதலையும் வாங்கட்டும். சுங்கம், அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் ஒன்றியப் பட்டியலின் 83ஆம் இனம். கோட்டையில் கேட்டுப் பயனில்லை. நாடாளுமன்ற உறுப்பினரின் கையில் கொடுங்கள், வரவு செலவுத் திட்டத்துக்கு முன்பே கொடுங்கள்.